நானே எழுதிக்கொண்ட நற்சான்று

தொழிலை நிறுத்திவிட்டு மகன் வீட்டோடு போகப்போகிறேன் என்று எங்கள் வக்கீல் சொன்னபோது, கோட்டைக்குள் இருந்த அவர் ஆபீஸில் நாங்கள் இரண்டு குமாஸ்தாக்கள். நான் பதினோரு வருஷம். மற்றவன் நாஞ்சில் நாட்டுக்காரன், வந்து மூன்றே வருஷம். ஆனால் வக்கீல் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனபோது வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தார்? அவனிடம்! அன்று பிடித்த வயிற்றெரிச்சல் எனக்கு.

புத்தன்சந்தையில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஒரே ஒரு குமாஸ்தா வேலை காலி இருந்தது. இருவரும் மனுப் போட்டோம். பழைய இடத்து நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அங்கே படியேற முடியாது.

வக்கீலிடம் கேட்டோம். "வேண்டியதை நீங்களே எழுதி டைப் அடிச்சுக் கொண்டு வாங்கோ. நான் ஒப்புப் போட்டுத் தரேன்" என்றார். பெரிய மனிதர்கள் அப்போது அப்படித்தான் செய்வார்கள்.

அவன் நேராக என் மேஜைக்கு வந்தான். "அண்ணாச்சி, எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுல்லா. எனக்கும் சேர்த்து நீங்களே எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு பக்கம்: நேர்மை, உழைப்பு, கூரிய அறிவு, இவரைப் பிரிய மனமில்லை என்று கூச்சமே இல்லாமல் அடுக்கினேன். அவனுக்கு இரண்டே வரி: 'என்னிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தார். நேரத்துக்கு வருவார்.' பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள்! அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மாற்றி அடிக்கவில்லை.

மறுநாள் இரண்டு தாள்களும் வக்கீல் முன்னால் இருந்தன. என்னுடையதை எடுத்தார், அடியில் கையெழுத்துப் போட்டார், நீட்டினார். ஒரு வரி படிக்கவில்லை. அவனுடையதை எடுத்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இதை யாருடா எழுதினது?"

"அண்ணாச்சிதான் எழுதித் தந்தாக" என்றான் அவன், பெருமையாக.

வக்கீல் என்னைப் பார்த்தார். அந்தத் தாளை இரண்டாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தம் பேர் அச்சடித்த கடிதத்தாளை எடுத்துத் தம் கையாலேயே எழுத ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? 'என் வீட்டுச் சாவியை இவனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்' என்று இங்கிலீஷில் ஒரு வரி. அதற்குமேல் படிக்க எனக்குக் கண் தெரியவில்லை.

வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. அன்று சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஒரு மூடியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "எல்லாம் நீங்க முதல்ல எழுதித் தந்த ராசிதான் அண்ணாச்சி" என்று காலில் விழப் போனான். அட பாவி, என்னைத் திட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்! அந்தத் தேங்காயில் அரைத்த சட்னியும் நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

என் நற்சான்று இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஒரு பக்கம் நிறையப் புகழ். அதில் வக்கீலுடையது அந்தக் கையெழுத்து மட்டும்தான்.