இல்லாத நாய்க்கு எலும்பு

ஆலன் என்ற இந்த ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு டக், நான் வளர்க்காத நாய்க்கு மூன்று மாதமாக பிஸ்கட் வாங்கி வந்து தந்தார். வாலாட்டாத குறையாக நானும் வாங்கிக்கொண்டேன்.

வினை டிசம்பரில் ஆரம்பித்தது. நாலு வருஷம் ஹாய், பை என்றே ஓட்டியவர் திடீரென்று ஃபெசன்ட் வேட்டைக்குக் கூப்பிட்டார். தெருவே என்னைத் தத்தெடுத்த மாதிரி ஒரு பூரிப்பு! ஃபெசன்ட் என்பது காட்டுக்கோழிக்கு நீண்ட வால் ஒட்டின மாதிரி ஒரு பறவை. நான் சுட்டதெல்லாம் ஆகாயத்துக்கே போயிற்று. டக் ஆறு பறவைகளை வீழ்த்தினார். நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, கால், கழுத்து எல்லாவற்றையும் குப்பைப் பையில் எறிந்தார். ஐயோ, எனக்கு வயிறு எரிந்தது. மதுரையில் எங்கள் வீட்டில் கோழி அடித்தால் ஒரு காலுக்கு அண்ணனும் நானும் சட்டையைக் கிழித்துக்கொள்வோம். சக்கையான நெஞ்சுக்கறியை மரியாதை என்ற பெயரில் விருந்தாளி தட்டுக்குத் தள்ளிவிடுவோம்.

கேட்கக் கூச்சம், விடவும் மனமில்லை. குப்பை பொறுக்குகிறவன் என்று நினைத்துவிட்டால் தெருவில் எப்படித் தலைகாட்டுவது?

"அந்த மிச்சத்தைத் தருகிறீர்களா? என் நாய்க்கு" என்றேன்.

"பறவை எலும்பு நாய்க்கு ஆகாது, தொண்டையில் குத்திவிடும்" என்றார் டக் அக்கறையாக.

"கொஞ்சம் கெட்டிக்கார நாய்."

வீட்டில் என் மனைவி மாலதி பிடித்துக்கொண்டாள். "நாய்க்குன்னா கேட்டீங்க? வெக்கமா இல்ல? அவர் வந்து பார்த்தா எப்படி மேனேஜ் பண்ணுவீங்க?" திட்டிக்கொண்டேதான் மிளகு வறுத்தாள்.

போன சனிக்கிழமை ஃப்ரீசரில் மிஞ்சியதையெல்லாம் குழம்பு வைத்திருந்தோம். பிஸ்கட்டோடு வந்த டக்குக்கு மகள் கதவைத் திறந்தாள். "வாட் டாக்? வீ டோன்ட் ஹேவ் எ டாக்!"

என் மானம் அங்கேயே போயிற்று. மாலதிதான் சமாளித்து அவரைச் சாப்பிட உட்கார வைத்தாள். டக் ஃபோர்க்கால் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு ஃபோர்க்கை ஓரமாக வைத்துவிட்டு, காலைக் கையில் எடுத்து எலும்பைக் கடித்து உறிஞ்சினார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளம்பும்போது சட்டியை எட்டிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அந்த இரண்டு காலையும் தருகிறீர்களா? என் நாய்க்கு."

டக்கும் நாய் வளர்ப்பதில்லை.

டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். தெருக்காரனாகிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் சாப்பிட உட்கார்ந்தேன். என் வீட்டில், என் தட்டில், மாலதி வைத்தது நெஞ்சுக்கறி.