இறங்குகிறவர் கொண்டு போகும் வலை

எங்கள் ஊர் மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டியிருந்த வலையில் எப்போதும் மீன் வாடை அடிக்கும். மழை பெய்தால் இன்னும் தூக்கலாக அடிக்கும். விசைப்படகில் இழுத்து ஓய்ந்துபோன வலையை ஜெகதாப்பட்டினத்து ஆட்டக்காரர்கள் வெட்டி, முடிச்சுப் போட்டு, லீக்கின் முதல் டிவிஷனில் இருந்த எல்லா ஊருக்கும் கொடுத்தார்கள். நான் கோல்கீப்பர். மற்றவர்கள் எல்லாம் காற்றோட்டமாக ஓடிக்கொண்டிருக்க, என் முதுகுக்குப் பின்னால் மட்டும் ஒரு கருவாட்டுக் கடை. இதைப் பற்றி முறையிட்டபோது லீக் செயலாளர் சிரிக்காமல் சொன்னார்: "வாடை அடிச்சாத்தாம்ப்பா கோல்கீப்பர் முழிச்சிருப்பான்."

செயலாளர் எங்கள் ஊர்க்காரர். ஆவுடையார்கோவில் பக்கம் ஓடும் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தார். சொந்த மைத்துனர் ஏறினாலும் டிக்கெட் கிழித்துக் கையில் திணித்துவிட்டுத்தான் குடும்ப நலம் விசாரிப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் கூட்டுறவு வங்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் அணிக்கு நான் கேப்டன், மொத்த லீக்குக்கும் அவர் செயலாளர். அதற்கு முன்பு எங்கள் பக்கத்தில் லீக் என்று ஒன்று கிடையாது. திருவிழாவுக்குத் திருவிழா நாக்அவுட் போட்டி நடக்கும். விழாக் கமிட்டியார் வெளியூரிலிருந்து ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கூட்டி வருவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்க வேண்டியதுதான். அவர்களுக்கு ஆட இடம் கிடைத்தாலும் ஒரு தோல்வியோடு அந்த வருடம் முடிந்துவிடும்.

இதை மாற்றியவர் அவர். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், திட்டு வாங்கினார், மறுபடி போனார். அந்தந்த ஊரில் குடியிருப்பவர்கள்தான் ஆட வேண்டும். எல்லா அணியும் எல்லா அணியோடும் உள்ளூரில் ஒரு ஆட்டம், வெளியூரில் ஒரு ஆட்டம். முதல் டிவிஷனில் எட்டு அணிகள். கடைசியில் நிற்பது இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும், அங்கே முதலில் நிற்பது மேலே வரும். குறித்த தேதியில் வராதவர்களுக்குத் தோல்வி. தள்ளிவைப்பு என்ற பேச்சே கிடையாது. நம் நாட்டுப் பெரிய லீக்கை எப்படிச் சீர்திருத்துவது, அதில் ஏற்றம் இறக்கம் வேண்டுமா வேண்டாமா என்று கோட்டுப் போட்டவர்கள் இப்போது தொலைக்காட்சியில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் கண்டக்டர் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே செய்து முடித்த வேலை அது.

முதல் வருடத்தின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், எங்களுக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும். இரண்டு அணிகளும் அடிமட்டத்தில் கிடந்தன. டிரா ஆனாலே நாங்கள் தப்பிவிடுவோம். அவர்கள் ஜெயித்தே ஆக வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் அவர்களுடைய படகுகள் இரண்டு கடலில் பிடிபட்டன. எல்லை தாண்டிவிட்டார்கள் என்று அக்கரையில் காவலில் வைத்துவிட்டார்கள். கேப்டனோடு சேர்த்து அணியில் பாதிக்கு மேல் அந்தப் படகுகளில் இருந்தது. துறைமுகத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். உச்சுக் கொட்டிய கையோடு, "அப்ப நம்ம டீம் தப்பிச்சுருச்சுல்ல?" என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

செயலாளர் எல்லா அணிக் கேப்டன்களையும் கூப்பிட்டார். கடலில் பிடிபட்டவர்கள் திரும்பும்வரை அந்த ஆட்டம் காத்திருக்க வேண்டும், இனி எந்த அணிக்கு இப்படி நேர்ந்தாலும் இதுவே விதி என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"என்னண்ணே இது? தள்ளிவைப்பே கிடையாதுன்னது நீங்கதானே? மச்சானுக்கே டிக்கெட் கிழிப்பீங்க, அவங்களுக்கு மட்டும் ஃப்ரீ பாஸா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "டிக்கெட் எடுக்காதவன எறக்கி விடுவேம்ப்பா. பஸ்ஸுக்கு வந்துக்கிட்டு இருந்தவன வழியில பிடிச்சு வச்சிருக்காங்க. அவன விட்டுட்டு வண்டிய எடுக்கச் சொல்றியா?"

ஓட்டுக்கு விட்டபோது என் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஜெகதாப்பட்டினத்துக்காக வந்திருந்தவர் அவர்களுடைய கேப்டனின் அப்பா. அவருக்கு ஓட்டுப் போடுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டு கைகளையும் தூக்கினார்.

பல வாரங்கள் கழித்து அவர்கள் வந்து சேர்ந்தார்கள். தாடியும் ஒட்டிய கன்னமுமாக எங்கள் மைதானத்தில் இறங்கியபோது, இவர்களா ஓடப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஓடினார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் வந்த ஒரு கார்னரை அவர்களுடைய கேப்டன் எகிறித் தலையால் முட்டினான். பந்து என் விரலை உரசிக்கொண்டு போய், அவர்களே பின்னிய அந்த வலையில் விழுந்தது. நாங்கள் இறங்கிவிட்டோம். புள்ளிப் பலகையில் எங்கள் ஊர்ப் பெயரைச் செயலாளரே துணியால் அழித்தார். அழிக்கும்போது அவர் கை ஒருமுறை நின்றதை நான் பார்த்தேன்.

ஊர் அவரைச் சும்மா விடவில்லை. பேருந்தில் சில்லறை இருந்தும் பெரிய நோட்டாக நீட்டினார்கள். வீட்டிலேயே அவர் மனைவி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி. விழாக் கமிட்டித் தலைவர் நைசாக ஒரு வழி சொன்னார்: எட்டு அணியை ஒன்பது ஆக்கிவிட்டால் யாரும் இறங்க வேண்டியதில்லையே? செயலாளர் சொன்ன பதில் எங்கள் பக்கத்தில் இன்றும் பிரசித்தம். "இன்னைக்கு ஒம்பது ஆக்குவோம், அடுத்த வருசம் பத்து ஆக்குவோம். அப்புறம் லீக் இருக்காதுங்க, கூட்டந்தான் இருக்கும்."

அடுத்த வருடம் இரண்டாம் டிவிஷனில் எங்கள் முதல் ஆட்டம் குடுமியான்மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில். எங்களோடு வேடிக்கை பார்க்கக்கூட ஊரிலிருந்து ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால் அங்கே கோலுக்கு வலையே இல்லை. பந்து உள்ளே போனதா, வெளியே போனதா என்று ஒவ்வொரு வாரமும் அடிதடியாம். கொஞ்ச நேரத்தில் பேருந்திலிருந்து செயலாளர் இறங்கினார், தோளில் ஒரு சாக்கு. எங்கள் மைதானத்து வலையைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். கம்பத்தில் ஏறிக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கீழ எறங்குறவன் வெறுங்கையோட எறங்கக் கூடாதுப்பா. இங்கிட்டு வந்து கயித்தப் பிடி." பிடித்தேன். எங்களை இறக்கிவிட்ட அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. அந்த மனிதர்மேல் இருந்தது அன்றோடு போய்விட்டது. அதுவே வழக்கமாகவும் ஆனது. முதல் டிவிஷனிலிருந்து இறங்கும் அணி தன் வலையைக் கொண்டு போய், வலை இல்லாத ஒரு மைதானத்துக்குக் கட்டிக் கொடுக்கும்; தன் மைதானத்துக்கு ஜெகதாப்பட்டினத்திலிருந்து வேறொரு பழைய வலை வாங்கிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் வலை இல்லாத மைதானங்கள் அப்படித்தான் குறைந்தன.

இந்த வருடம் லீக் நடந்துகொண்டிருந்தபோதே செயலாளர் காலமானார். ஆட்டங்கள் முடிந்ததும் இரங்கல் கூட்டம் போட்டோம். எல்லோரும் உருகிப் பேசினார்கள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, அவர் நினைவாக இந்த ஒரு வருடம் மட்டும் எந்த அணியையும் இறக்க வேண்டாம் என்றார். கூட்டம் கை தட்டியது. அவருக்குப் பிறகு செயலாளர் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் கட்டியதை அவர் பெயரைச் சொல்லியே அவிழ்க்கிறார்கள் என்று புரிந்தது. ஆனால் இரங்கல் கூட்டத்தில் எப்படி மறுத்துப் பேசுவது?

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். தலை நரைத்துவிட்டது, ஆனாலும் அந்த முகத்தை நான் மறக்க முடியுமா? அன்று எனக்குக் கோல் போட்ட ஜெகதாப்பட்டினத்துக் கேப்டன். இந்த வருடம் கடைசியில் நின்ற அணி அவருடையது.

"எங்களுக்காக அவரு ஒங்க ஊர எறக்குனாரு. இப்ப அவரு பேரச் சொல்லி நாங்க எறங்காம இருந்தா, அவரு மூஞ்சில நாங்க எப்பிடிங்க முழிக்கிறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எந்த ஊர்ல வலை இல்லன்னு சொல்லுங்கண்ணே. நாங்க கட்டித் தாரோம்."

போன ஞாயிற்றுக்கிழமை கட்டினார்கள். நான் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு இறங்கி வந்து, "வாடை அடிக்குதாண்ணே?" என்று கேட்டார். வலையை முகத்தருகே இழுத்துப் பார்த்தேன். நன்றாக அடித்தது.