கண்ணாடி ரூமுக்குள் செல்லையா

ட்ரையரில் இருந்து தேயிலைத் தூள் சூடாக விழும்போது ஒரு வாசம் வரும் பாருங்க... சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது.

பதுளைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலை ஃபேக்டரியில், அந்த ட்ரையரடியில் நானும் செல்லையாவும் வேலை செய்தோம். என்னைவிடச் சின்னவன். ஒரு பிடி தூளை அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டுவான். நான் முகம் சுளித்தால் சூட்டைக் குறைப்பான்.

"இது மூக்கா மச்சான், மீட்டரா?" என்பான்.

"ஒன் மூக்கு சளி புடிக்கத்தாண்டா லாயக்கு!"

பிறகு கம்ப்யூட்டர் திரை வைத்த மெஷின் வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. செல்லையா பள்ளிக்கூடம் போனவன். அவனைக் கண்ணாடி ரூமுக்குள் உட்கார வைத்தார்கள். ஃபேன், நாற்காலி, கையில் போன். எனக்கு வெளியில் தூள் கூட்டும் வேலை. பொறாமையாகத்தான் இருந்தது.

ஆனால் போகப் போக ஆள் மெலிந்துவிட்டான். திரையில் சூட்டு நம்பர் கொஞ்சம் ஏறினாலும் பீப் பீப் என்று கத்தும். லயத்து வீட்டுக்குப் போன பிறகும் மெஷினைப் பற்றிப் போனில் மெசேஜ் வரும். ஒரு நாள் பகல், ரொட்டியையும் சம்பலையும் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தான்.

"என்னடா, தொர வீட்டுச் சாப்பாடு கேக்குதா?"

சிரிக்கவில்லை. "பயமா இருக்கு மச்சான். தப்பா அமுக்கிட்டா அத்தனையும் கருகிரும். பக்கத்துல கேக்க ஒரு ஆளில்ல. நீயும் உள்ள வாயேன்."

ஸ்டோர் பொறுப்பில் இருந்த டீமேக்கர் ஐயாவிடம் போய் நின்றேன்.

"ஒனக்கு உள்ள என்ன வேலப்பா?"

"சும்மா பக்கத்துல இருக்கேங்க. வாசம் மாறினா சொல்றேன்."

நல்ல மனுஷன். ஒரு ஸ்டூல் போடச் சொன்னார்.

அந்தக் காலம்... அவன் திரையைப் பார்ப்பான், நான் ஊர்க்கதை பேசுவேன். மெஷின் கத்தினால் இரண்டு பேரும் சேர்ந்து அதைத் திட்டுவோம். செல்லையா மறுபடி வயிறாரச் சாப்பிட்டான்.

எனக்கு வயதாகி வேலையை விட்டேன். என் இடத்துக்கு யாரையும் போடவில்லை.

நேற்று கோயிலுக்குப் போகிற வழியில், ஸ்டோர் வாசலில் அவனைக் கண்டேன். கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தது.

"எப்படா வீட்டுப் பக்கம் வருவ?"

"இரு மச்சான், ஷிப்ட் மாத்திட்டாங்களான்னு பாத்து மெசேஜ் போடுறேன்."

போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

முன்பெல்லாம் கூப்பிட்டால் பதிலுக்கு ஆளே வந்து நிற்கும்... நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது மகள்தான். செல்லையாவிடம் இருந்து ஏதும் வந்தால் உடனே வாசித்துக் காட்டம்மா என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.