இடக்கைத் துவக்கு

சூடான பித்தளைக் கோது வந்து வலது முழங்கைக்குக் கீழே விழும்… ஒரு கணம்தான் சுடும். பிறகு கருகிய வெடிமருந்தின் மணம்.

டோர்ட்மண்டில் எங்கள் துவக்குக் கழகத்தின் ஐம்பது மீற்றர் கூடம். சனிக்கிழமைக் காலை. பதினொரு வருடம் அந்தச் சூட்டை என் கை வாங்கியது.

எனக்கு இடக்கைப் பழக்கம். துவக்குகளோ வலக்கைக்காரருக்கென்று செய்தவை, சுட்ட ரவையின் வெறும் கோதை வலப்பக்கம் எறியும். என்னுடையது அமெரிக்காவில் செய்த இருபத்திரண்டு கலிபர். அடுத்த ரவையைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும் சின்னத் துவக்கு. உலகம் முழுக்க ஆட்கள் அதை வாங்கி, பிரித்து, தங்கள் விருப்பத்துக்கு மாற்றுவார்கள். மகசினில் பத்து ரவை. கடதாசியில் ஓட்டை போடுவது மட்டும்தான் அதன் வேலை.

என்னைக் கழகத்துக்குக் கூட்டிப்போனவன் வேலைத்தள நண்பன் மன்பிரெட். பரீட்சை, கடிதங்கள், ஒரு வருடக் காத்திருப்பு எல்லாம் முடித்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மனுசி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். இஞ்ச காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறியளோ?”

“அங்க அது அவங்கட கையில இருந்தது. இது என்ர கையில.”

“ஓம், பெரிய வித்தியாசம்தான். குசினிப் பக்கம் கொண்டு வராதேங்கோ.”

துவக்கோடு வந்த கட்டை, தோளில் ஊன்றிக் கன்னத்தைச் சாய்க்கிற மரப் பிடி, என் கன்னத்துக்குப் பொருந்தவில்லை. இடக்கைக்கு என்றால் ஓடர் கொடுக்க வேண்டும், எட்டு மாதம் ஆகும் என்றார் கடைக்காரர். எட்டு மாதம் காத்திருக்க எனக்குத் தெரியாது. பழைய தளபாடங்களைத் தெருவில் போடும் நாளில் ஒரு வால்நட் மேசை கிடந்தது. கால் உடைந்திருந்தாலும் பலகை நல்ல தடிப்பு. தோளில் தூக்கி வந்தேன்.

பல்கனியில் வைத்து அரிந்தேன், செதுக்கினேன், அராவினேன். ஒருவரும் சொல்லித்தரவில்லை. கன்னத்தை வைத்து வைத்துப் பார்த்துத்தான் அளவு எடுத்தேன். மத்தியான ஓய்வு நேரத்தில் சத்தம் என்று கீழ்வீட்டு அம்மா இரண்டு தரம் கடிதம் போட்டா.

ஆளிவிதை எண்ணெய் பூசச் சொன்னான் மன்பிரெட். வீட்டில் நல்லெண்ணெய் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று அதைப் பூசினேன். காயவே இல்லை… ஒரு மாதம் கன்னம் பிசுபிசுத்தது.

“ராஜா, உன்ர துவக்கில சமையல் மணக்குது!”

மன்பிரெட் இப்படிச் சொல்ல, கழகம் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய்தான் பூசினேன். மன்பிரெட்டுக்கு அதை நான் சொல்லவில்லை.

ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் போய்த் திரும்ப மூடுகிற பூட்டின் ஸ்பிரிங்கை மாற்றினேன். பிறகு விரலால் இழுக்கும் விசை. தொட்டதும் தெரியாமல் விழுகிற மாதிரி இலேசாக்கினேன். கழகப் போட்டி அன்று செயலாளர் வேர்னர், விதிப்படி விசை தாங்க வேண்டிய நிறைகல்லை அதில் கொழுவித் துவக்கை மேலே தூக்கினார்.

டிக். கல்லைத் தாங்காமல் விசை விழுந்தது.

“இலேசு கூடிப்போச்சு ராஜா. இண்டைக்குச் சுடேலாது.”

“போன மாசமும் இதாலதானே சுட்டனான்? அப்ப ஏன் நிறுக்கேல்ல?”

“போன மாசம் போட்டி இல்லை.”

எல்லோருக்கும் முன்னால். காலையிலேயே தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு திருகாணியை இறுக்கினால் சரி, ஐந்து நிமிட வேலை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகும் சனி தவறாமல் போனேன், சுட்டேன், வந்தேன். கொப்பியை மட்டும் வேர்னரிடம் நீட்டவில்லை. ஒவ்வொரு முறை சுட்டதும் செயலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய கொப்பி அது. அவர் கண்ணுக்கு முன்னால்தானே சுடுகிறேன், பிறகென்ன கையெழுத்து?

மூன்று வருடம் கழித்து, துவக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதில் ஒரு சொல்… பெடூர்ஃப்னிஸ். தேவை. இந்தத் துவக்கு உங்களுக்குத் தேவை என்று கழகத்தின் கையெழுத்தோடு காட்டுங்கள், இல்லாவிட்டால் உரிமம் உள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று.

“இஞ்சாருங்கோ, அந்த மனிசனிட்ட ஒருக்காப் போய்க் கேளுங்கோவன். கேட்டா என்ன குறைஞ்சு போவியளோ?” என்றாள் மனுசி. துவக்கைக் குசினிப் பக்கம் வரவிடாதவள்தான்.

“கொப்பியைக் கொண்டுவரச் சொல்” என்று வேர்னரும் மன்பிரெட்டிடம் சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு, நானே படித்த ஜெர்மனில், அலுவலகத்துக்கு ஐந்து பக்கம் எழுதினேன். இந்த நாட்டில் வேலை உடுப்பிலிருந்து பெயர் வரைக்கும் எனக்கு வேறொருவரின் அளவில்தான் கிடைத்தது, இராசநாயகம் ராஜாவாகிப் போனான், என் உடம்பின் அளவில் இருப்பது இந்த ஒன்றுதான், இது தேவை இல்லையென்றால் வேறு எது தேவை என்று கேட்டிருந்தேன்.

இரண்டு வரியில் பதில் வந்தது. கழகத்தின் கையெழுத்து இல்லை.

துவக்கை மன்பிரெட் எடுத்துக்கொண்டான். அவன் வலக்கைக்காரன். நான் செதுக்கிய கட்டையைக் கழற்றி, துணியில் சுற்றி, வீட்டுக்கே கொண்டுவந்து தந்தான்.

“இது உன்ர கன்னம். எனக்குச் சரிவராது.”

மரத்துக்கு உரிமம் தேவையில்லையாம். அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

விருந்தாளியாக வந்து சுடச்சொல்லிக் கழகத்தில் இப்போதும் கூப்பிடுகிறார்கள். என் சொந்தத் துவக்குக்கு நான் விருந்தாளியா? போகமாட்டேன். பிழை என்னுடையதல்ல, அதில் மாற்றமில்லை.

ஆனால் சனிக்கிழமை மரக்கறி வாங்கப் போகிற பஸ் அந்த வாசலில்தான் நிற்கும். கூடத்தின் மேல் யன்னல் திறந்திருந்தால் கேட்கும்… பெரிய சத்தமில்லை, காய்ந்த தடி முறிகிற மாதிரி. ஐந்தாறு பேர் சுடுவார்கள். அதில் ஒன்றை எனக்குத் தெரியும். நான் மாற்றிய ஸ்பிரிங்கால், பூட்டு திரும்ப மூடுகிற சத்தம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் முந்தி வரும்.

போன சனி இறங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடமல்ல. மதிலோரம் நின்று எண்ணினேன், பத்து. மன்பிரெட் அவசரப்படுகிறான். நான் என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூச்சு விடுவேன்.

அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம் என்று பலகையில் போட்டிருந்தது. அதற்குள் இன்னும் நாலு மகசினாவது சுடுவான்.