கூக்கால் அம்மனின் இடது கை

கூக்கால் என்ற மலைக்கிராமத்துக் கோயிலின் உற்சவ அம்மனுக்கு இடது கை மட்டும் சற்று மஞ்சளாக இருக்கும். அது பிற்காலத்தில் வார்த்து ஒட்டிய கை என்பது என் ஊகம். பழைய உலோகச் சிலைகளை ஆராய்வதுதான் என் வேலை. பீடத்தின் அடியிலும் அந்தக் கையிலும் கடுகளவு சுரண்டிக்கொள்ள விட்டால் உறுதி செய்துவிடலாம் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரார் காப்பி கொடுத்து உபசரிப்பார்கள். சிலையைத் தொட விட மாட்டார்கள்.

போன மாசியில் என்னோடு படித்த தோழி வந்தாள். வெளிநாட்டில் வேலை. சுவரில் துளை போடும் டிரில் போல ஒரு எக்ஸ்ரே கருவி வைத்திருந்தாள். சிலையின் மேல் அதன் மூக்கை வைத்தால் போதும், எந்தெந்த உலோகம் என்று திரையில் காட்டிவிடும். அப்படியொன்று வேண்டுமென்று நான் கேட்காத அலுவலகம் இல்லை. காரில் மலையேறும்போது அந்தக் கையைப் பற்றி அவளிடம் சொன்னேன். உடைந்த அம்மனைக் கைவிடாமல் புதுக் கை செய்து வைத்த ஊர் அது என்றேன்.

பூசாரி ஒரே பேச்சில் சம்மதித்துவிட்டார்.

"நீங்க சுரண்டணும்னீங்க. இவுக ஒரு கீறலும் விழாதுங்கிறாக. பெறகென்ன?" என்று என்னிடமே சொன்னார்.

சிலையின் உடம்பில் செம்பும் வெள்ளீயமும் என்று திரை காட்டியது. கையில் துத்தநாகம் ஏராளம், அதாவது பித்தளை. "நீ சொன்னதுதான்டி சரி" என்று தோழி என் தோளைத் தட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. நான் சொன்னபோது வெறும் ஊகம். அவள் கருவி சொன்னதும் உண்மையாகிவிட்டது.

பூசாரியின் முகம் வாடியது. "அப்ப அம்மன் பின்னமாங்க? பூசைக்கு ஆகாதா?" அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அப்படி இல்லைங்க. கை உடைஞ்சப்ப உங்க முன்னோருங்க அம்மனைக் கைவிடலை. புதுக் கை செஞ்சு வச்சுக் கும்பிட்டிருக்காங்க" என்றாள்.

காரில் நான் சொன்னதேதான். நின்றிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் அவளுக்கு ஒரு பை நிறையப் பூண்டு கொண்டுவந்தாள்.

இறங்கும் வழியில் ஏன் பேசவில்லை என்று தோழி கேட்டாள். வளைவில் தலை சுற்றுகிறது என்றேன். உடனே பெருமாள்மலையில் வண்டியை நிறுத்தி இஞ்சி டீ வாங்கித் தந்தாள். அந்தக் கையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை இருவர் பெயரிலும் எழுதலாம் என்றாள். நல்லவள்தான். அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

கட்டுரை வந்தது, என் பெயரும் இருக்கிறது. இந்த வருடத் திருவிழாவுக்கு அழைக்கப் பூசாரி எனக்குத்தான் போன் செய்தார். சந்தோஷமாக எடுத்தேன். அந்த மேடம் வருவாகளா என்று விசாரித்தார்.

வர மாட்டாள் என்றேன். அவளிடம் நான் கேட்கவே இல்லை.