பார்சலில் வந்த விருந்து

நாட்டில் டொலர் தீர்ந்து இறக்குமதி நின்றுபோன வருடத்தில் என் வேலையும் நின்றது. துறைமுகத்துக்கு வரும் கொள்கலன்களை விடுவிக்கப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் நான் கிளார்க். கொள்கலனே வராதபோது கிளார்க் எதற்கு? முதலாளி நல்ல மனிதர். தேத்தண்ணீர் வரவழைத்துத் தந்து, நிலைமை சீரானதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்டம் என்று பெயர்தான். ஒடுங்கிய ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். நான், மனைவி, எட்டு வயது மகள். நான் வெள்ளவத்தையில் வளர்ந்த யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. மனைவி இதே ஒழுங்கையில் பிறந்த கத்தோலிக்கப் பெண். எங்கள் கல்யாணத்துக்கு என் அக்கா வந்தாள், படத்துக்கு நின்றாள், சாப்பிடாமல் போனாள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டு வாசற்படி அவள் மிதித்ததில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வெள்ளவத்தைக்கு நான் போவேன். அவள் இங்கே வரமாட்டாள், அவ்வளவுதான்.

வேலை போய் இரண்டாவது மாதம் மனைவியின் கத்தோலிக்கக் கோயிலில் இருந்து முதல் பார்சல் வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் சிஸ்டர் என் கையில் ஒரு கனத்த பையைத் தந்தார். வாங்கும்போது யார் யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சாரத்தை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டேன்.

எழும்பி வந்தபோது மனைவி பையில் இருந்த எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரிசி, பருப்பு, பயறு, கோதுமை மா, சோயா மீட், டின் மீன். இதெல்லாம் தெரிந்த சாமான். வெளிநாட்டில் இருந்து யாரோ அனுப்பியவையும் இருந்தன: மக்ரோனி நான்கு பெட்டி, ஓட்ஸ், ஒரு பெரிய போத்தல் பீனட் பட்டர், சோளம் அடைத்த டின்கள்.

"இதையெல்லாம் யார் சாப்பிடுறது?" என்றேன்.

"நாமதான்," என்றாள். "கொஞ்சம் சும்மா இருங்க, யோசிக்கிறன்."

அப்போது காஸ் சிலிண்டர் கிடைக்கவில்லை. வீட்டின் பின்பக்கம் மூன்று கல் வைத்து, உடைந்த சாமான் பெட்டிகளின் பலகையை எரித்துத்தான் சமையல். பலகையும் இலேசில் கிடைக்காது. ஆகவே ஒரு நெருப்பில் மூன்று வேலை நடக்கவேண்டும். சோற்றுப் பானையின் மூடியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் சூடாக்குவாள். சோறு வெந்து இறங்கியதும் தணலில் கத்தரிக்காயைப் புதைப்பாள். அது வேகும்போது அதே சூட்டில் மிளகாய் வறுபடும். வானொலி கேட்டபடி, மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தபடி இதைச் செய்வாள். நான் ஒருநாள் செய்து பார்த்தேன். சோறு கரிந்தது, தண்ணீர் கொதிக்கவில்லை, கண் மட்டும் எரிந்தது.

மக்ரோனியை அவள் தேங்காய்ப்பாலில் அவித்தாள். மஞ்சள், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் தேசிக்காய்ப் புளி. பார்த்தால் சொதி, கரண்டியில் அள்ளினால் மக்ரோனி. மகள் இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். தேங்காய் கிடைக்காத கிழமையில் பீனட் பட்டரைச் சுடுதண்ணீரில் கரைத்துச் சோயா மீட் கறிக்குள் ஊற்றினாள். நான் மூக்கைச் சுளித்தேன். வாயில் வைத்ததும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். இறைச்சிக் கறியைப் போலத் தடிப்பாக, எண்ணெய் மேலே மிதக்க, அப்படி ஒரு கறி.

எல்லாம் சரிவந்தது என்று சொல்லமாட்டேன். சோளத்தில் கறி வைத்த அன்று அது பாயாசமாகவும் இல்லை, கறியாகவும் இல்லை. மகள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். மனைவி சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். கறியை வடித்தாள், சோளத்தைக் கழுவினாள், அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கிக் கோதுமை மாவும் வெங்காயமும் போட்டு ரொட்டியாகத் தட்டிவிட்டாள். "சோளத்தில பிழை இல்ல. நான்தான் அதைத் தப்பான இடத்தில போட்டுட்டன்," என்றாள். வேலை இல்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்த எனக்கு அந்தப் பேச்சு எங்கேயோ போய்ப் பட்டது.

அந்தச் சமயம்தான் அக்காவின் மூத்த மகளுக்கு எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, நடந்தது. வெள்ளவத்தை ஃபிளாட்டிலேயே விருந்து. பெற்றோல் இல்லாததால் அழைத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. மஞ்சள் சோறும் கோழிக்கறியும் பேக்கரிப் பாணும் கேக்கும் மலைபோல மிஞ்சின. அக்கா இரண்டு பெரிய வாளிகளில் அடைத்து என்னிடம் தந்தாள்.

"கொண்டு போ. உன்ர வீட்டில சாப்பிடுங்கோ," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. கால்களுக்கு நடுவில் வாளிகளை வைத்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, "அய்யே, மேகே மொனவாத?" என்று கேட்டான். அண்ணே, இதற்குள் என்ன என்று அவன் கேட்டதற்கு, சோறு என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் மூக்கை உறிஞ்சிச் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அதில் கேலி இருக்கவில்லை, இப்போது யோசித்தால் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு முகம் எரிந்தது. அக்கா பிச்சை போட்டுவிட்டாள் என்று வீடு வரைக்கும் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மனைவிக்கு அப்படி எந்த எண்ணமும் வரவில்லை. கறன்ட் நாளுக்கு எத்தனை தரம் போகும் என்று தெரியாத காலம். ஃபிரிட்ஜை நம்ப முடியாது. "இண்டைக்கே எல்லாத்தையும் முடிக்கணும்," என்று சேலையைச் செருகிக்கொண்டாள். கோழிக்கறியை எங்களுக்கும் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் பகிர்ந்தாள். எலும்புகளை மிளகு, பூண்டு போட்டுக் கொதிக்கவைத்து ரசமாக்கினாள். பாணைக் கிள்ளி வெயிலில் காயவைத்துத் தூளாக்கிப் போத்தலில் அடைத்தாள். மிஞ்சிய சோற்றை மிளகாயும் சீரகமும் சேர்த்து அரைத்து, பழைய வெள்ளைத் துணியில் சிறு சிறு வட்டமாக இட்டுத் தகரக் கூரையில் காயவைத்தாள். காகத்தை விரட்ட மகள் ஒரு தடியோடு கீழே நின்றாள். மூன்றாம் நாள் அந்த வட்டங்கள் கலகலவென்று உலர்ந்துவிட்டன. எண்ணெயில் போட்டால் பூவாய் மலர்ந்தன.

மகள் கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்கும் புது நன்மை நாள் நெருங்கியது. பூசை மட்டும் போதும், விருந்து வேண்டாம் என்று நான் சொன்னேன்.

"பிள்ளைக்கு இது ஒரு தரம்தான் வரும். பன்னிரண்டு பேரைக் கூப்பிடுவம்," என்றாள் மனைவி. "உங்க அக்காவையும்."

"அவள் வரமாட்டாள்."

"அது அவங்க இஷ்டம். கூப்பிடுறது நம்ம இஷ்டம்."

அவளே ஃபோன் எடுத்தாள். மறுமுனையில் அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மனைவி, "சரி மச்சாள், சரி மச்சாள்," என்று இரண்டு தரம் சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா வந்தாள். அத்தானும் வந்தார். ஒழுங்கைக்குள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து வந்ததைப் பார்த்தபோது வாசலில் கிடந்த செருப்புகளை நான் அவசரமாக ஒதுக்கினேன். மகள் வெள்ளை உடுப்போடு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள்.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மேசையில் மனைவி சாப்பாட்டை வைத்தாள். ஒழுங்கை முனையில் நிற்கும் ஈரப்பலா மரத்துக் காயை அவித்து, டின் மீனோடு பிசைந்து, பாண் தூளில் புரட்டிப் பொரித்த கட்லட். மஞ்சள் நிறத்தில் மக்ரோனி. பீனட் பட்டர் ஊற்றிய சோயா மீட். பொரித்த சோற்று வட்டங்கள். கோயில் பார்சலில் வந்த பயறில் பாயாசம். மேசையைப் பார்த்தால் யாரும் எங்களைக் கஷ்டப்படுகிறவர்கள் என்று சொல்லமாட்டார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

அக்கா முதலில் ஒரு கட்லட்டை எடுத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு தட்டை எடுத்து முழுச் சாப்பாடும் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில், கதிரையில் உட்கார்ந்து, கையால் பிசைந்து சாப்பிட்டாள்.

"இது என்ன இறைச்சி?" என்று கேட்டாள்.

"இறைச்சி இல்ல மச்சாள், சோயா மீட்," என்றாள் மனைவி.

"இந்தக் குழம்பு?"

"பீனட் பட்டர். கோயில்ல குடுத்த பார்சல்ல வந்தது. மக்ரோனியும் அதில வந்ததுதான். பாண் தூளும் இந்தப் பொரியலும் நீங்க குடுத்தனுப்பினதில செஞ்சது."

நான் நிலத்தைப் பார்த்தேன். இவள் ஏன் இதைச் சொல்கிறாள், கேட்காததை ஏன் சொல்கிறாள் என்று மனம் அடித்துக்கொண்டது. அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அத்தான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூண்டு மாசமா எங்கட வீட்டில இரவில பாணும் சம்பலும்தான்," என்றாள் அக்கா.

நான் நிமிர்ந்தேன். அத்தானுக்குப் புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் கடை. சாமான் வராமல் கடை பூட்டியபடி கிடக்கிறதாம். எழுத்துக்கு வந்த செலவை மாப்பிள்ளை வீட்டார்தான் பார்த்தார்களாம். எனக்கு இது எதுவும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் வாளியில தந்து விட்டது பாவம் பார்த்து எண்டு நினைச்சனி, என்ன?"

நான் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"வைச்சிருந்து சாப்பிட எனக்கும் ஆசைதான். கறன்ட் போய்ப் பழுதாகிவிடும் எண்டு பயந்துதான் தந்தனான். அவ்வளவு சாப்பாட்டை வைச்சு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்ல." பிறகு மனைவி பக்கம் திரும்பினாள். "உமக்குத் தெரிஞ்சிருக்கு. இஞ்ச வாரும், இந்தக் குழம்புக்கு முதல்ல என்ன போட்டனீர் எண்டு சொல்லும்."

அதுவரை அக்கா என் மனைவியோடு இத்தனை சொல் சேர்த்துக் கதைத்ததை நான் கேட்டதில்லை. இருவரும் பின்பக்கம் அடுப்படிக்குப் போனார்கள். அத்தான் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் மக்ரோனி இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த கிழமை மனைவி வெள்ளவத்தைக்குப் போனாள். பின்னேரம் திரும்பி வந்து சொன்னாள், அக்காவின் அலுமாரியில் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த கோர்ன்ஃபிளேக்ஸ், பேரீச்சம்பழம், சூப் பக்கற் எல்லாம் திறக்காமலே கிடந்தனவாம். இருவருமாகப் பேரீச்சம்பழத்தில் சட்னி போட்டார்களாம். சூப் தூளைப் பருப்புக்குள் கொட்டினார்களாம். "உங்க அக்காக்கு நல்ல நாக்கு. உப்புக் கூடினதை வாசத்திலேயே சொல்றாங்க," என்றாள்.

அன்று இரவு என்னால் வெட்கப்படாமல் இருக்க முடியவில்லை. இந்த முறை பார்சலை நினைத்து அல்ல. என் மனைவி ஒவ்வொரு நாளும் தலை நிமிர்ந்து சமைத்துக் கொடுத்ததை நான் தலை குனிந்து சாப்பிட்டேனே, அதை நினைத்து. காலையில் அவளிடம் சொன்னேன். "சரி சரி, வெங்காயத்தை உரிங்க," என்றாள்.

இப்போது காலம் கொஞ்சம் இலேசாகியிருக்கிறது. எனக்குப் பழைய முதலாளியிடம் திரும்ப வேலை கிடைத்தது. அத்தானின் கடையும் திறந்துவிட்டது. பார்சல் எங்களுக்கு வருவதில்லை. நாங்களே போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். ஆனால் கோயில் மண்டபத்துக்கு இன்னும் சாமான் வருகிறது. பேக்கரியில் விற்காத பாண், கல்யாண மண்டபங்களில் மிஞ்சிய மரக்கறி, யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாத டின்கள். சனிக்கிழமைகளில் மனைவி அதைச் சமைத்து ஒழுங்கைகளில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அனுப்புகிறாள். அக்கா நெற்றியில் திருநீறோடு வெள்ளவத்தையில் இருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள்.

போன சனிக்கிழமை பெரிய தட்டு நிறைய அவித்த கரட்டும் போஞ்சியும் வந்திருந்தன, உப்பில்லை, உறைப்பில்லை. இதில் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன். மனைவி ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடுகு அரைச்சுப் போடுவமா மச்சாள்?"

"போடும். வினாகிரியும் விடும்," என்றாள் அக்கா.

"தேசிக்காய்தான் நல்லம்."

"வினாகிரி விட்டால் நாளைக்கும் இருக்கும்."

மனைவி ஒரு கணம் யோசித்து, "அது சரி," என்று வினாகிரிப் போத்தலுக்குக் கையை நீட்டினாள். மகள் பார்சல் கட்டும் கடதாசியை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சோற்றை இறக்கப் போனேன்.