கடைசி ஆளுக்குப் பின்னால்

இடது கை பெடலை மெல்லச் சுற்ற, வலது கை திருப்புளியால் ஒரு சின்னத் திருகைக் கால் சுற்று இறுக்கியது. செயின் சின்னப் பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவி, கடைசியில் எல்லாவற்றிலும் பெரியதில் ஏறியது. ஏறியது அங்கே நிற்காமல் இன்னும் உள்ளே போகப் பார்த்தது. விட்டால் கம்பிகளுக்குள் விழுந்து சக்கரத்தையே நாசம் பண்ணிவிடும். திருகு இன்னும் ஒரு மயிரிழை இறுகியது. மறுபடி பெடல். இந்தத் தடவை செயின் ஏறி, சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கைகளின் சொந்தக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஊரில் குறைவு. வால் என்றால்தான் தெரியும். காற்றடிக்க வரும் பொடிசுகள்கூடக் கொஞ்சம் மரியாதை சேர்த்து "வாலண்ணே" என்பார்கள். அவருக்கு அதில் கோபமில்லை. கோபப்பட இடமில்லை என்று சொல்வதுதான் சரி.

சைக்கிள் கடை அவருடைய மனைவியின் அண்ணனுடையது. கல்யாணமான கையோடு, "வேற எங்கயோ எதுக்கு மாப்ளே வேலை பாக்கணும், நம்ம கடைதான் இருக்கே" என்று மச்சான் கூட்டி வந்துவிட்டார். கடைக்கு மேலேயே வீடு. இறங்கினால் வேலை, ஏறினால் வீடு. நடுவில் ஒரு மரப்படிக்கட்டு, அதற்கு நேர் எதிரே மச்சானின் நாற்காலி. பழுதுபார்க்கும் அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கெட்டும். அதனால் யாரும் திறப்பதில்லை.

வாரநாள் இப்படி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மச்சான் சேர்த்த சைக்கிள் குழு மலைப்பாதை ஏறும். போட்டியெல்லாம் இல்லை. அரட்டையடித்துக்கொண்டே ஏறுவார்கள், உச்சியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மறுபக்கம் இறங்கி மலையைச் சுற்றி ஊர் சேருவார்கள். வழியில் யாரையும் தொலைத்துவிடக் கூடாதே என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஒருவர், கடைசி ஆளுக்கும் பின்னால் வருவார். வளைவுகளில் கொடியோடு நிற்பவர்கள், ஆரஞ்சுச் சட்டை தங்களைக் கடந்துவிட்டால் கொடியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பலாம். கடைசி ஆள் முடியாமல் திரும்பினால், ஆரஞ்சுச் சட்டையும் அவரோடு திரும்ப வேண்டும்.

ஆரஞ்சுச் சட்டை வாலுடையது. கடைசி ஆள் எப்போதும் மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷர், நல்ல உடம்பு, பழைய வண்டி. பாதி மலையில், தண்ணீர்த் தொட்டி இருக்கிற வளைவில், வண்டியைச் சாய்த்துவிட்டு "இன்னிக்கு இது போதும் வால்" என்பார். இருவரும் இறங்கிவிடுவார்கள். குழு தொடங்கிய நாளிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் அந்த மலையில் ஏறியும் வால் உச்சியைப் பார்த்ததே இல்லை. அவர் மனைவி பார்த்திருக்கிறாள். சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வேனில் போகிறவள் அவள்தான்.

"ஒரே ஒரு வாரம் வேற யாராவது வாலா இருக்கட்டுமே மச்சான்" என்று அவர் கேட்காமலில்லை.

"வேற யாருக்கு மாப்ளே பஞ்சர் ஒட்டத் தெரியும்? நீ பின்னாடி வர்றேன்னுதான் எல்லாரும் தைரியமா மிதிக்கிறாங்க" என்று மச்சான் தோளில் தட்டிவிடுவார். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். தட்டிக்கொடுத்தால் என்ன செய்வது?

போன ஞாயிறு மருந்துக்கடைக்காரருக்கு என்ன வந்ததோ, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரோ, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிவிட்டார். வால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் பின்னால் மிதித்தார். பேசினால் அவர் நின்றுவிடுவாரோ என்று பயம். வளைவு வளைவாக அந்த அகலமான முதுகு மேலே போனது. இன்னும் ஒரே ஒரு வளைவுதான் என்கிற இடத்தில் முதுகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

"கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு வால். ஐயோ, தொடாதீங்க!"

கட்டைச் சுவரில் உட்காரவைத்து, காலை நீவிவிட்டார். மருந்துக்கடைக்காரர் அவர் முகத்தையே பார்த்தார்.

"எத்தனை வருஷமா என் முதுகையே பாத்துட்டு வர்றீங்க. போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன். என்னைக் காக்கா தூக்கிட்டா போயிடும்? அதுக்கும் பலம் வேணாமா?"

வால் வண்டியில் ஏறினார். மருந்துக்கடைக்காரரைத் தாண்டினார். ஒருவரையும் தாண்டாத வண்டி, தாண்டிய சந்தோஷத்தில் தானாகவே ஓடியது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அவருக்கு அது தோலோடு தோலாகிவிட்டிருந்தது, ஞாபகமே வரவில்லை.

கடைசி வளைவில் கொடியோடு நின்ற எலக்ட்ரீஷியன் ஆரஞ்சு நிறத்தைக் கண்டதும் விசிலடித்தார். "வால் வந்தாச்சு!" கொடியைச் சுருட்டி, வண்டியைத் திருப்பி, மேலே பறந்தார். "இருங்க, இருங்க!" என்று வால் கத்தியதைக் காற்று வாங்கிக்கொண்டு போனது. உச்சியிலிருந்து மச்சானின் விசில் இரண்டு முறை கேட்டது. கிளம்பு என்று அர்த்தம். சிரிப்பும் மணிச்சத்தமும் வேனின் உறுமலும் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கித் தேய்ந்தன.

சாலை முடிகிற இடத்தில் வெறும் ஆகாயம் தெரிந்தது. தடுக்க ஆளில்லை. பத்து மிதி மிதித்தால் போதும். அப்போதுதான் கீழேயிருந்து குரல் வந்தது.

"வாலூ... இன்னொரு காலும் போச்சு வாலூ!"

அவர் வண்டியைத் திருப்பினார்.

இரண்டு வண்டிகளையும் ஒரு மனிதரையும் மாற்றி மாற்றித் தாங்கிக்கொண்டு இறங்குகையில் மருந்துக்கடைக்காரர் கேட்டார். "மேல என்ன தெரிஞ்சுது?"

"பாக்கல."

தண்ணீர்த் தொட்டியடியில் மருந்துக்கடைக்காரர் முகம் கழுவிவிட்டுச் சொன்னார். "லேசா ஏறுற மாதிரி ஏதாவது பண்ணிக் குடுங்கன்னு உங்க மச்சான்கிட்ட எத்தனை தடவை கேட்டிருக்கேன். வண்டிக்கு ஒண்ணும் இல்ல, கால்ல பலம் வரணும்னே சொல்றாரு."

"என்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு. அந்த வண்டியைத் தொடாதேன்னு."

"ஏன் சொல்றாருன்னு தெரியுமா? எனக்கு முன்னாடி போற முதுகு யாரோடதுன்னு பாருங்க."

பார்க்காமலென்ன? முதல் விசிலை அடித்து எல்லோருக்கும் முன்னால் கிளம்பும் மச்சானை மூன்றாவது வளைவுக்குள் ஊரே தாண்டிவிடும். அதன்பின் அவருக்குப் பின்னால் இருப்பது மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான். வாலுக்கு இது தெரிந்த விஷயம். ஆனால் வண்டியைத் தொடாதே என்றதையும் இதையும் சேர்த்து யோசித்ததில்லை.

சாயங்காலம் மச்சான் படிக்கட்டடியில் நிறுத்திவைத்துத் திட்டினார். "கடைசி ஆளை விட்டுட்டு வால் முன்னாடி வரலாமா? கேக்கிறவன் சிரிக்கமாட்டான்?" மாடியில் மனைவி சமாதானம் சொன்னாள். "பாக்க ஒண்ணுமே இல்லீங்க. ஒரு ஏரி, நாலு பாறை. காத்துல தலையெல்லாம் கலைஞ்சு போயிடும்."

"கலையட்டும்" என்றார் வால்.

மறுநாள் காலை, யாரிடமும் கேட்காமல், மருந்துக்கடைக்காரர் கடையில் விட்டுப்போயிருந்த வண்டியைத் தூக்கி மேடையில் மாட்டினார். பழைய பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கும் பெரிய பல்சக்கரங்களைப் போட்டார். அதற்குத் தக்கபடி செயினில் கண்ணி சேர்த்தார். சக்கரத்தின் கோட்டத்தையும் எடுத்துவிட்டார்.

கடைசித் திருகையும் சரிபார்த்து வண்டியைத் தரையில் இறக்கும்போது மச்சான் உள்ளே வந்தார். பின்சக்கரத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"என்ன மாப்ளே இது? சாப்பாட்டுத் தட்டு மாதிரி?"

"பல்சக்கரம்."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"அவரு கேட்டாரு, போட்டேன்."

மச்சான் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடைக்காரர் நொண்டிக்கொண்டே வாசலில் வந்து நின்றார். குனிந்து, மூக்கு செயினில் படுகிற மாதிரி பார்த்தார்.

"இனிமே உச்சி வரைக்கும் போயிடுவேனா?"

"போயிடுவீங்க. அவசரப்படாம மிதிங்க, அது போதும்."

"எனக்கு முன்னாடி போறவரைத் தாண்டிடுவேனா?"

"தாண்டாம போக முடியாது."

மச்சான் சுவரில் தொங்கிய டயர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். புது டயர், அமுக்க வேண்டிய அவசியமே இல்லை. "மாப்ளே," என்றார் டயரைப் பார்த்தபடியே, "வர்ற வாரம் எனக்குக் கொஞ்சம் முட்டி வலி. பாதியிலயே திரும்பிடலாம்னு பாக்குறேன்."

"திரும்புங்க மச்சான்" என்றார் வால். "கடைசி ஆளு திரும்பினா வாலும் திரும்பணும். எல்லாரும் பாக்க நாம ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கலாம்."

மச்சானின் காது மடல் சிவந்தது. டயர் சுவருக்குப் போயிற்று.

"வலி அவ்வளவு ஒண்ணும் இல்ல" என்றார்.

வால் எண்ணெய்த் துணியால் ஹேண்டிலை ஒரு முறை துடைத்தார். பிரேக்கைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பார்த்தார். பிறகு வண்டியை வாசல்வரை உருட்டிக்கொண்டு போய், மருந்துக்கடைக்காரரின் இரண்டு கைகளிலும் கொடுத்தார்.